ஆறுன சோறு அக்கா

கள்ளக்குறிச்சி,
4.8.2025

அக்காவுக்கு இலக்கியா.

நான் நன்றாக இருக்கிறேன். ஹாஸ்டல் தண்ணியில் தலைமுடி கொட்டுகிறது, அதைத் தவிர வேறு குறை இல்லை. உன் கால் வீக்கம் வற்றிவிட்டதா? விடுதியில் எண்பது பிள்ளைகளுக்கு உலை வைக்கிறாய் சரி, நடுவில் ஒரு பத்து நிமிஷம் உட்காரக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷனைக் கார்த்திகை மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அப்பா கரும்பு வெட்ட ஆள் கிடைக்காமல் எல்லார் மேலும் எரிந்து விழுகிறார்.

ஒரு விஷயம். எங்கள் விஸ்காம் டிபார்ட்மெண்டில் டிசம்பரில் விழா. நாலு நாலு பேராகச் சேர்ந்து மூன்று நிமிஷத்துக்கு ஒரு கிண்டல் டிரெய்லர் எடுக்க வேண்டும். புதுப் படம் வருவதற்கு முன்னால் துண்டு துண்டாகக் காட்டுவார்களே, அது போல. ஆனால் படமே கிடையாது, டிரெய்லர் மட்டும்தான். எங்கள் குழுவில் ஷாலினி டைரக்டர், அருள்மொழி வசனம், பாரதி கேமரா. நடிப்பது நான். சிரிக்காதே.

அதற்கு உன் ஊதாப் புடவை வேண்டும், மஞ்சள் கரை போட்டது. எதற்கு ஏன் என்று கேட்காமல் வெள்ளிமலை பஸ் கண்டக்டர் ராஜாங்கம் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன்.

நீ ஒரு போன் வைத்திருந்தால் இதெல்லாம் ஒரு நிமிஷப் பேச்சு. சரி, அதைப் பற்றிப் பேசவில்லை. மலையில் குளிர் ஆரம்பித்திருக்கும். காதைக் கட்டிக்கொண்டு படு.

உன் தங்கை
இலக்கியா


கள்ளக்குறிச்சி,
9.8.2025
(அனுப்பாதது)

அக்கா,

இதை உனக்கு அனுப்பப் போவதில்லை. நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும். சுகம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் கிண்டல் செய்யப் போவது “ரெண்டு பக்கமும் கேப்போம்” நிகழ்ச்சியைத்தான். நிஜக் குடும்பம், நிஜச் சண்டை என்று போட்டுக்கொண்டு, யார் எப்போது அழ வேண்டும் என்பது வரை எழுதிக் கொடுக்கிற அதே நிகழ்ச்சி. தீனதயாளன் மாமா உன்னை விட்டுவிட்டு உளுந்தூர்பேட்டையில் வேறு ஒருத்தியோடு குடித்தனம் போட்டபோது, நாலு வருஷத்துக்கு முன்னால், நீ போய் உட்கார்ந்த நிகழ்ச்சி. ஊதாப் புடவையில்.

அதில் நீ அழுதுகொண்டே சொன்னாயே, “ஒரு நாளு கூட அவுருக்கு ஆறுன சோறு போட்டதில்லைங்க” என்று. அது இன்னும் ஓயவில்லை அக்கா. பாட்டாகப் போட்டிருக்கிறார்கள், ஸ்டிக்கராகச் சுற்றுகிறது. எங்கள் மெஸ்ஸில் தினமும் யாராவது ஒருத்தி சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லாமல் இருப்பதில்லை. உன் பெயர் யாருக்கும் தெரியாது. ஆறுன சோறு அக்கா என்றுதான் சொல்வார்கள்.

ஷாலினிதான் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, “இதையே வெச்சி டிரெய்லர் பண்லாம்டி, ‘ரெண்டு பக்கமும் கும்முவோம்’னு டைட்டில் வெச்சிடலாம்” என்றாள். எல்லாரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்கள். என் முறை வந்தபோது நானும் சொன்னேன். உன் குரல் எனக்கு வராமல் யாருக்கு வரும்? அறையே அதிர்ந்தது. “அந்தப் பொம்பளயே வந்து நின்ன மாரி கீதுடி!” என்று பாரதி கையைத் தட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் அக்கா அசிங்கம். பெருமையாக இருந்தது.

அருள்மொழி கேட்டாள், “அந்தக்கா ஒங்க தியாகதுருகம் பக்கந்தான? ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொன்னேன்.

அதே மாதிரிப் புடவைக்காக ஷாலினி கடை கடையாக அலைந்தபோது, எனக்குத் தெரிந்தவர்களிடம் இருக்கிறது என்று சொன்னதும் நான்தான். வீட்டு மானத்தை டிவியில் ஏற்றிவிட்டாய் என்று அப்பா நாலு வருஷமாக உன்னோடு பேசவில்லை. நான் அதை மேடையில் ஏற்றப் போகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை இந்த நோட்டில்கூட எழுத முடியவில்லை.


வெள்ளிமலை,
21.8.2025

பாப்பாவுக்கு அமிர்தம் எழுதுவது.

கால் வீக்கம் வற்றிவிட்டது. வாய்தான் இன்னும் வற்றவில்லை என்று எங்கள் விடுதி வார்டன் அம்மா சொல்கிறார்கள். மண் சரிந்து மூன்று நாள் பஸ் இல்லை. உன் கடிதம் ராஜாங்கம் பையிலேயே கிடந்து, எண்ணெய்க் கறையோடு வந்து சேர்ந்தது. மனுஷன் அதன் மேல் வைத்துப் புளிச்சோறு சாப்பிட்டிருக்கிறார் போல.

தலைக்குச் சீயக்காய் அரைத்து வைத்திருக்கிறேன். கண்ட ஷாம்புவைப் போட்டுவிட்டுத் தண்ணியைக் குறை சொல்லாதே.

நீ நடிக்கிறாயா? சின்ன வயதில் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவள்தானே, நன்றாகவே நடிப்பாய். ஆனால் ஊதா எதற்கு? என்னிடம் பச்சை இருக்கிறது, உன் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். ஊதாவை நான் கட்டி நாலு வருஷம் ஆகிறது, பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. உனக்கு என்ன வேஷம்? யாரைக் கிண்டல் செய்கிறீர்கள்? விவரமாக எழுது. இங்கே எனக்கும் பொழுது போக வேண்டாமா?

அம்மாவை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல். அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

உன் அக்கா
அமிர்தம்


கள்ளக்குறிச்சி,
1.9.2025

அக்காவுக்கு இலக்கியா.

நானும் நலம், அம்மாவும் நலம். அம்மா வெயிலில் போவதில்லை, மழையில் போகிறாள். சீயக்காய்க்கு இப்போதே கும்பிடு.

எனக்கு டீச்சர் வேஷம். பச்சை வேண்டாம். பின்னால் ஒரு பச்சைத் திரை வருகிறது, பச்சைப் புடவை கட்டினால் அதோடு சேர்ந்து காணாமல் போய்விடும் என்கிறாள் ஷாலினி. அதனால்தான் ஊதா. கிண்டல் பொதுவாகத்தான் அக்கா, குறிப்பிட்டு யாரையும் இல்லை. சீரியல், டிவி, அந்த மாதிரி.

பரீட்சை வருகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இலக்கியா


வெள்ளிமலை,
26.9.2025

பாப்பாவுக்கு அமிர்தம்.

பரீட்சை எழுதி முடித்திருப்பாய். சளி பிடித்து ஒரு வாரம் படுத்திருந்தேன், இப்போது தேவலை. பிள்ளைகள் எனக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார்கள், வாயில் வைக்க முடியவில்லை, ஆனாலும் குடித்தேன்.

ராஜாங்கத்திடம் பை கொடுத்திருக்கிறேன். ஊதாப் புடவை, ரவிக்கை, சீயக்காய்ப் பொடி இருக்கும். புடவையைத் துவைத்துப் பெட்டி போட்டிருக்கிறேன். இடது தோளுக்குக் கீழே ஒரு கிழிசல் இருக்கும். மைக் மாட்டின பெண் ஊக்கைக் குத்தி அவசரத்தில் இழுத்துவிட்டாள். ரவிக்கையில் கையைத் தூக்கினால் கொக்கி விட்டுவிடும், ஒரு தையல் போட்டுக்கொள்.

டீச்சர் அழுகிற காட்சி இருந்தால் கண்ணில் கிளிசரின் விட்டுக்கொள்ளாதே. இரண்டு நாளைக்கு எரிச்சல் போகாது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். போன கடிதத்தில் அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ மறந்துவிட்டாய்.

அமிர்தம்


கள்ளக்குறிச்சி,
8.10.2025

அக்காவுக்கு,

சளி விட்டதா? பை கிடைத்தது.

ராஜாங்கம் அண்ணன் கொடுத்த இடத்திலேயே பிரித்துப் பார்த்துவிட்டேன். கிழிசலையும் பார்த்தேன்.

தீபாவளிக்கு வருகிறாயா? அம்மா கேட்கச் சொன்னாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

இலக்கியா


வெள்ளிமலை,
2.11.2025

பாப்பாவுக்கு அமிர்தம் எழுதுவது.

உடம்பு நன்றாக இருக்கிறது. தீபாவளிக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. லீவுக்கு ஊருக்குப் போக முடியாத ஏழு பிள்ளைகள் இங்கேயே இருந்தார்கள், அவர்களுக்கு அதிரசம் சுட்டேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை.

நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். டீச்சர் வேஷம் என்பதை நான் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. அந்தப் புடவையை உலகத்தில் ஒரே ஒரு வேஷத்துக்குத்தான் கேட்பார்கள். என்னிடம் போன் இல்லைதான், ஆனால் லீவுக்குக் கீழே போய்வருகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். போன மாதம் எட்டாம் வகுப்பு அபிநயா தட்டை நீட்டிக்கொண்டே அந்த வரியைச் சொன்னாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவளுக்கு நான்தான் அது என்று தெரியாது. நானும் சிரித்தேன் பாப்பா. சிரிக்காமல் நின்றால் கண்டுபிடித்துவிடுவார்களே. அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

நீயும் அப்படித்தான் சிரித்திருப்பாய். எனக்குத் தெரியும், அது எப்படி வலிக்கும் என்று.

டிரெய்லர் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், நடந்ததைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். காலை எட்டு மணிக்கே ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, இங்க நீங்க மயக்கம் போட்டு வியணும், ஆனா அவுரு மேலதான் வியணும்” என்று சொல்லிக் கொடுத்தாள். வேனில் ஆட்களை அழைத்துவந்து எதிரே உட்கார வைத்திருந்தார்கள். கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆள் கையைத் தூக்கினால் எல்லாரும் ‘ச்சூ’ கொட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். ஒரு அம்மா தூங்கிப்போய், எல்லாரும் முடித்த பிறகு தனியாகக் கொட்டினார். அதற்காக எல்லாரையும் மறுபடி கொட்டச் சொன்னார்கள்.

உன் மாமா என்னை அறைய வேண்டும் என்று எழுதியிருந்தது. அவர் ஒருநாளும் என்னை அடித்ததில்லை. விட்டுப் போனார், அவ்வளவுதான். முதல் தடவை லேசாகத் தட்டினார். வெளிச்சம் சரியில்லை என்று இரண்டாவது. மூன்றாவது தடவை அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதை வெட்டிவிட்டார்கள்.

எழுதிக் கொடுத்த வசனம் நாலு பக்கம், எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னேன். அதில் ஒன்றுக்கும் யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து, எழுந்திருக்கும்போது நானாக ஒன்று சொன்னேன். அதில் மட்டும்தான் பொய் இல்லை. அதற்குத்தான் இன்னும் சிரிக்கிறார்கள்.

அந்த அறையை எடுங்கள் பாப்பா. காகிதம் வைத்திருந்த பெண், கையைத் தூக்குகிற ஆள், தனியாக ச்சூ கொட்டின அம்மா. வயிறு வலிக்கச் சிரிக்கலாம். இல்லை, அந்தப் பொம்பளையைத்தான் எடுப்போம் என்றால் அதுவும் உன் இஷ்டம். நான் தடுக்கப் போவதில்லை.

குளிருக்கு உதட்டில் வெண்ணெய் தடவிக்கொள்.

அக்கா
அமிர்தம்


கள்ளக்குறிச்சி,
19.11.2025

அக்கா,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், அது என் அக்கா என்று. ஷாலினி கேட்டாள், “இன்னாடி சொல்ற? மூணு மாசமா எங்க கூட சேந்து சிரிச்சிக்கினுதான இருந்த?” பாரதி, அந்தப் பொம்பள என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். கேட்க வேண்டியது அவளா?

டிரெய்லரை மாற்றிவிட்டோம். நீ எழுதின அறைதான் இப்போது முழுக்க. அருள்மொழி, காகிதம் வைத்திருக்கிற பெண்ணாக வருகிறாள். கை தூக்குகிற ஆள் நான். அழுகிற பெண் திரையில் வரவே மாட்டாள், அவளுக்காகப் போட்ட நாற்காலி மட்டும் இருக்கும். புடவையைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன்.

இதோடு நிறுத்தினால் நல்ல பிள்ளையாகிவிடுவேன். நிறுத்தக் கூடாது.

அந்த நிகழ்ச்சியில் கீழே ஒரு நம்பர் ஓடும். அம்மாவின் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தது நான்தான். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பேசின பெண் அரைமணி நேரம் கேட்டாள், மாமா எப்போது போனார், நீ எப்படி அழுதாய், எல்லாவற்றையும் சொன்னேன். டிவியில் வந்தால் மாமா திரும்பி வருவார் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. நம் வீட்டு ஆள் டிவியில் வந்தால் பள்ளிக்கூடத்தில் என்னை எல்லாரும் பார்ப்பார்கள் என்கிற ஆசை மீதிப் பாதி.

நிகழ்ச்சி வந்த மறுநாள், அப்பா கரும்பு வெட்டுகிற கத்தியைத் தரையில் ஓங்கிப் போட்டு, “எவ அந்த நம்பருக்குப் போன் போட்டது?” என்று கேட்டார். நீ, “நான்தாம்பா” என்றாய். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். நீயும் தனியாகப் போன் போட்டிருப்பாய் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்ப ரொம்ப வசதியாக இருந்தது.

எழுதிவிட்டேன். நீ திட்டி எழுது.

இலக்கியா


கள்ளக்குறிச்சி,
15.12.2025

அக்காவுக்கு,

பதில் வரவில்லை. இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ராஜாங்கம் அண்ணன், “ஒங்க அக்கா நல்லாத்தான் இருக்காங்க. லெட்டரு இருக்குதான்னு கேட்டன், இல்லன்னுட்டாங்க” என்றார். நீ நன்றாக இருந்தால் போதும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாரையும் அதட்டுகிறாள்.

பன்னிரண்டாம் தேதி டிரெய்லர் போட்டார்கள். தனியாக ச்சூ கொட்டுகிற அம்மாவுக்கு நல்ல சிரிப்பு. ஆனால் காலி நாற்காலி வந்தபோது பின் வரிசையில் இரண்டு பேர் உன் வரியைக் கத்தினார்கள், அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து திரும்பிப் பார்த்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பரிசு கிடைக்கவில்லை.

ஒரு வரியாவது எழுது அக்கா.

இலக்கியா


வெள்ளிமலை,
6.1.2026

பாப்பாவுக்கு அமிர்தம் எழுதுவது.

நான் சுகம். அம்மாவின் கண் சரியானதைக் கேட்டு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உனக்குப் பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. பஸ்ஸின் மேல் பழியைப் போட மாட்டேன்.

நீதான் போன் போட்டாய் என்று எனக்கு முதல் நாளே தெரியும். டிவிக்காரப் பெண் என்னைக் கூப்பிட்டதும் சொன்ன முதல் வார்த்தையே, “ஒங்க தங்கச்சி எல்லாம் சொல்லிச்சுக்கா, எவ்ளோ பாசமா பேசிச்சு தெரியுமா” என்பதுதான். அதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. உனக்குப் பதினைந்து வயசு. போக வேண்டும் என்று முடிவு செய்தது நான். மாமா வந்துவிடுவார் என்கிற நப்பாசை எனக்கும் இருந்தது.

அப்பா கத்தியைப் போட்டபோது நான்தான் என்று சொன்னது, அந்த நிமிஷத்தைக் கடத்த. ஒரு வாரத்தில் நீயே சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். நீ சொல்லவில்லை. என்னிடம் தலை பின்னிக்கொண்டாய், என் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டாய். தினமும் காலையில், இன்றைக்குச் சொல்வாள் என்று உன் முகத்தைப் பார்ப்பேன். எட்டு மாதம் பார்த்தேன். ஊர் சிரித்ததால் நான் மலை ஏறிவிட்டேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஊர் சிரிப்பது ஒரு கட்டத்தில் பழகிவிடும் பாப்பா. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்ததுதான் என்னால் முடியவில்லை.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்புறம் கோபம் வந்து அடுப்பில் போடப் போனேன். அப்புறம் எனக்கே வெட்கமாகிவிட்டது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி, அதற்குள் உன்னை உட்கார வைத்தது நான். உன் சிநேகிதிகளிடம் மூன்று மாதம் நீ மறைத்த பழக்கம் அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

ஆனால் நீ இப்போது சொன்னது ஏற்கெனவே தெரிந்த என்னிடம். தெரியாதவர் அப்பா. நாலு வருஷமாக அவர் தப்பான மகளோடு பேசாமல் இருக்கிறார்.

போகி அன்று மத்தியான பஸ்ஸில் வருகிறேன், ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜாங்கத்திடம் சொல்லியனுப்பு, தேன் வேண்டுமானால் வாங்கி வருகிறேன். நான் வருவதற்கு முன்னாலேயே நீ அப்பாவிடம் சொல்லிவிட்டால் நல்லது. சொல்லாவிட்டாலும் வருவேன், உன் பக்கத்தில்தான் நிற்பேன். ஆனால் என்னைப் பார்த்ததும் அப்பா, “எல்லாம் ஒன்னாலதான்” என்று ஆரம்பித்தால், இந்தத் தடவை நான் தலையைக் குனிய மாட்டேன். திரும்பி உன்னைப் பார்ப்பேன்.

அக்கா
அமிர்தம்